ஒரு குறையும் இல்ல சார்

வாங்கம்மா, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

அந்தத் தாள இங்க குடுங்க பாப்போம். ‘மனநலப் பணியாளர்களின் நலன் குறித்த ஆய்வு.’ நல்லா இருக்கு. முப்பத்தோரு வருஷம் நான் அந்த வார்டுல கெடந்தேன், ஒரு மனுசன் வந்து என் நலன் கேக்கல. மே மாசம் ரிட்டயர் ஆனேன், ஆகஸ்டுல நீங்க வந்து நிக்கீங்க. உங்களச் சொல்லல. நீங்க படிச்ச புள்ள, யாரோ அனுப்பியிருக்காக, வந்திருக்கீங்க. ஆனா இந்தக் கேள்விய எழுதுன ஆள எனக்கு ஒரு தடவ நேர்ல பாக்கணும். ‘பணியிடத்தில் உங்களுக்கு உணர்வு ரீதியான ஆதரவு கிடைத்ததா? மிகவும், ஓரளவு, இல்லை.’ இதுல ஒண்ண டிக் அடிக்கணும், அப்படித்தானே.

ஜில்லா ஆஸ்பத்திரியில எங்க மனநல வார்டுல கட்டில் இருபது. நோயாளி முப்பத்திநாலு. மிச்சப் பேரு தரையில பாய் விரிச்சுக் கெடப்பாக. நர்ஸு பேப்பர்ல ஒம்பது பேரு. நேர்ல வந்து எண்ணுனா என்னையும் சேத்து நாலு. டாக்டர் ஒருத்தர், அருணகிரி டாக்டர். ஜில்லா பூராத்துக்கும் அவரு ஒருத்தர்தான். வாரத்துல மூணு நாள் வேன்ல ஏறித் தாலுகா தாலுகாவா சுத்தப் போயிருவாரு. நோயாளிகிட்ட உக்காந்து பேசுற கவுன்சிலர் வேலை நாலு வருஷமா காலி. இதுல உணர்வு ரீதியான ஆதரவு வேற. நல்ல பினாயில் குடுத்தாப் போதும்னு இருந்தவ நான்.

நீங்க சங்கவியப் பத்தித்தானே கேக்க வந்திருக்கீங்க? சுத்தி வளைக்க வேண்டாம். லிஸ்டுல அவ பேரும் இருக்குன்னு போன்லயே சொல்லிட்டீங்க. கேட்டுக்கிடுங்க, நானே சொல்லுதேன். நான் சொன்னாத்தான் ஒழுங்கா இருக்கும். அவ சொன்னா அழுவா.

போன வருஷம் அக்டோபர்ல வந்தா. தர்மபுரிப் பக்கம். ஒப்பந்த வேலை. இருபத்தஞ்சு வயசு இருக்கும். முதுகுல ஒரு பை, கையில ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஆமா, ஸ்டூல். நான் அத்தன வருஷத்துல எத்தனையோ நர்ஸப் பாத்திருக்கேன், சீப்பு கொண்டாருவா, கண்ணாடி கொண்டாருவா. ஸ்டூலோட வந்தவள அன்னைக்குத்தான் பாக்கேன்.

“என்னத்துக்கும்மா இது?”ன்னு கேட்டேன்.

“நோயாளிங்க பக்கத்துல உக்காந்து பேசறதுக்கு சிஸ்டர். வார்டுல உக்கார ஒண்ணும் இல்லன்னு நேத்து பாத்தேன்.”

ஒரு வாரத்துல ஸ்டூல் மூலைக்குப் போயிரும்னு எனக்குத் தெரியும். முப்பத்திநாலு பேருக்கு மாத்திரை குடுத்து, குளிக்க வச்சு, சோறு தின்னாகளான்னு பாத்து, சார்ட்டு எழுதி, மேலே இருந்து கேக்குற பட்டியல் பூரா அனுப்பிட்டு, அதுக்கப்புறம் உக்காந்து பேசணுமாம். மருந்துல ஆகாததா பேச்சுல ஆகும்? காலேஜுல சொல்லிக் குடுக்கவன் ஒரு நாளு வார்டுல நின்னுருக்க மாட்டான்.

அப்ப பேச்சியம்மான்னு ஒரு புள்ள உள்ள இருந்தா. பேருதான் பேச்சியம்மா, வாயத் திறக்க மாட்டா. பீடி சுத்துற புள்ள. ரெண்டாவது பிரசவம் ஆகி இருபது நாளுல கொண்டாந்து சேத்தாக. புள்ளையத் தொட மாட்டேங்கா, பாலு குடுக்க மாட்டேங்கா, செவரப் பாத்தே இருக்கான்னு மாமியாக்காரி சொன்னா. டாக்டர் மருந்து எழுதுனாரு. ஒரு மாசம் ஆச்சு. சோறு ஊட்டுனாத் திங்கா, அவ்வளவுதான்.

இந்தச் சங்கவி அவ பக்கத்துல ஸ்டூலப் போட்டுக்கிட்டு தெனம் கால் மணி நேரம் உக்காருவா. பேசுறாளான்னு பாத்தா அதுவும் இல்ல. சும்மா உக்காந்திருக்கா. நான் போயி, “ஏட்டி, இது என்ன பஸ் ஸ்டாண்டா? யாருக்குக் காத்திருக்க?”ன்னு கேட்டேன். “இல்ல சிஸ்டர், இன்னும் அஞ்சு நிமிஷம்”னா. ஒரு நாளு அவளும் இவளுமா பழைய பேப்பரக் கிழிச்சுச் சுருட்டிக்கிட்டு இருக்காக. என்னன்னு பாத்தா, பீடி சுத்தப் படிக்காளாம். நோயாளிகிட்ட நர்ஸு பீடி சுத்தப் படிக்கா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. அப்பத்தான் அந்தப் பேச்சியம்மா, ஒண்ணரை மாசமா வாயத் திறக்காதவ, “இப்படி இறுக்கக் கூடாது, பத்திக்காது”ன்னா.

அதுக்கப்புறம் பேசுனா. எட்டு நாளுல புள்ளையக் கொண்டாரச் சொல்லி மடியில வச்சுக்கிட்டா. டாக்டர் ரவுண்ட்ஸ்ல சங்கவியப் பாத்து, “நீ என்னம்மா பண்ணின?”ன்னு கேட்டாரு. என்ன பண்ணினாளாம். மருந்து ஒண்ணரை மாசமா உள்ள போயிருக்கு, வேலை செஞ்சிருக்கு. நேரம் பாத்து இவ ஸ்டூலப் போட்டா, பேரு இவளுக்கு. நான் அதையே டாக்டர்கிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சிட்டுப் போயிட்டாரு.

சரி. நவம்பர்ல மழை புடிச்சுது. அதே நேரம் எங்க நாலு பேருல ஒருத்தி குவைத்துக்குப் போயிட்டா, இன்னொருத்தி எவனையோ புடிச்சு மெட்ராசுக்கு மாத்திக்கிட்டா. மிச்சம் நானும் சங்கவியும் செல்லக்கனி அட்டெண்டரும். ராத்திரிக்குப் பக்கத்து வார்டுல இருந்து யாரையாச்சும் கெஞ்சிக் கூட்டியாருவேன். பகல் பூரா இவதான். காலையில ஏழு மணிக்கு வந்தா ராத்திரி எட்டுக்குப் போவா. அப்படியே பத்தொம்பது நாளு ஓடுச்சு. நான் பாக்காததா? நான் கர்ப்பமா இருக்கும்போதே இருவத்தாறு நாளு சேந்தாப்புல பாத்திருக்கேன். அத ஒருத்தரும் பேப்பர்ல போடல.

இருவதாவது நாளு அது நடந்துச்சு. மத்தியானம், சோத்து நேரம். ஆம்பளைக பக்கம் ஒரு வாத்தியாரு இருந்தாரு, நல்ல மனுசன், மருந்து நிறுத்திக் கோளாறு ஆகி வந்தவரு. அவருக்கு ஒரு குரல் கேக்கும், இந்தப் புள்ள சோத்துல எதையோ கலந்திருக்குன்னு. தட்ட எடுத்து ஒரே வீச்சு. எவர்சில்வர் தட்டு. சங்கவி புருவத்துல பட்டு ஏழு தையல். அந்த வாத்தியாரக் குத்தம் சொல்ல மாட்டேன். சொகமான பிறகு இவளப் பாத்துக் கும்பிட்டு நின்னு அழுதாரு. ரெண்டு பேரு நின்னு பாத்துக்கிட வேண்டிய ஆளு, அன்னைக்கு அவரு பக்கத்துல ஒருத்தி மட்டும் நின்னா.

தையல் போட்டுத் திரும்பி வந்தா. முகம் பூரா வீங்கியிருக்கு. என்னப் பாத்து, “சிஸ்டர், நான் கொஞ்ச நேரம் எங்கயாவது உக்காந்துக்கட்டுமா?”ன்னு கேட்டா.

எங்க உக்காருவா? உக்கார எடமா இருக்கு? நான் சொன்னேன், “மூஞ்சியக் கழுவு. ஒரு மணி மாத்திரை ரெண்டு மணி ஆயிட்டு. போய்க் குடு.”

போனா. ட்ரேயோட கீழ போட்டா. மாத்திரை பூரா தரையில உருளுது, நோயாளிக நாலு பேரு குனிஞ்சு பொறுக்கிக் குடுக்காக. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காகளேன்னு எனக்குச் சங்கடமாப் போச்சு. “நடிக்காதட்டி”ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

என்ன தப்பு? தொண்ணூத்தெட்டுல நான் வாங்குன அடி உங்களுக்குத் தெரியுமா. தாடை எலும்பு விலகிட்டு. ஒரு மாசம் கஞ்சி குடிச்சேன். வீட்டுல எங்க வீட்டுக்காரர்கிட்ட பாத்ரூமுல வழுக்கிட்டேன்னு சொன்னேன். அவரு சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தாரு. மறுநாளே டூட்டிக்குப் போனேன். அப்ப இன்சார்ஜா இருந்த அம்மா என்னப் பாத்து ஒத்த வார்த்தை கேக்கல. நான் செத்தா போயிட்டேன்? இதுகளுக்கு எல்லாத்துக்கும் ஒரு ஆளு பக்கத்துல உக்காந்து முதுகத் தடவணும்.

அடிபட்ட சங்கதி பேப்பர்ல மூணு வரி வந்துட்டு. ஒடனே மேலே இருந்து நடவடிக்கை. என்ன நடவடிக்கைன்னு நெனைக்கீங்க? நர்ஸு அனுப்புனாகளா? இல்ல. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு மேதாவிய அனுப்புனாக. ‘புன்னகையோடு பணி’ன்னு ஒரு பயிற்சி. கோட்டு போட்டிருக்கான். காதுல இருந்து வாய்க்கு வளைஞ்சு வர்ற மைக்கு. ஆளுக்கு ஒரு பேட்ஜு, அதுல ஒரு சிரிக்கிற மூஞ்சி. எல்லா வார்டு நர்ஸும் கட்டாயம் வரணும்னு உத்தரவு.

ஆளுக்கு ஒரு பலூனக் குடுத்து ஊதச் சொன்னான். அம்பத்தொம்பது வயசுல நான் பலூன் ஊதுதேன். ஊதிட்டு, அது மேல உங்க கவலைய ஸ்கெட்ச்சு பேனாவால எழுதுங்க, எழுதிட்டு உடைங்க, கவலை போயிரும்னான். நான் ‘பினாயில் தீர்ந்துவிட்டது’ன்னு எழுதுனேன். அத வாங்கி மைக்குல வாசிச்சான். எல்லாரும் சிரிச்சாக. அவனும் சிரிச்சான். “சூப்பர் சிஸ்டர், இந்த ஹ்யூமர்தான் உங்க சக்தி”ன்னான். பினாயில் தீந்து ஒம்பது நாள் ஆயிருந்தது, அதுல என்ன ஹ்யூமர் இருக்கு சொல்லுங்க.

சங்கவி பலூன ஊதவே இல்ல. புருவத்துல பிளாஸ்திரியோட எந்திரிச்சு நின்னு, “சார், நாங்க எல்லாரும் இங்க இருக்கோமே, இப்ப வார்டுல யாரு இருக்கா?”ன்னு கேட்டா.

அவன் மைக்கச் சரி பண்ணிக்கிட்டே, “இது நமக்கான நேரம்மா”ன்னான்.

“வார்டுல செல்லக்கனி அக்கா மட்டும்தான் சார் இருக்காங்க. முப்பத்திநாலு பேருக்கு ஒருத்தங்க”ன்னு சொல்லிட்டு, பலூன நாற்காலி மேல வச்சுட்டு வெளிய போயிட்டா. அங்க இருந்தவுக எல்லாரும் என்னத் திரும்பிப் பாக்காக. என் வார்டுப் புள்ளல்லா. தலகுனிவாப் போச்சு. அந்தப் பய பேசுனது எனக்கும் புடிக்கலதான். ஆனா புடிக்கலன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காரணும், அதுதான் ஒழுங்கு.

அதுக்கப்புறம்தான் அந்த மனு. ஒரு பக்கம் எழுதியிருந்தா, அழகான கையெழுத்து. காலியா இருக்குற எடத்துக்கு நர்ஸு போடணும். எட்டு மணி நேரத்துக்கு மேல ஒருத்தர நிறுத்தக் கூடாது. வார்டுல உக்கார ஒரு ரூமு வேணும். அடிபட்ட நர்ஸுக்குப் பேச ஒரு ஆளு வேணும். இந்த நாலுதான். மத்த வார்டு நர்ஸு பதினேழு பேரு கையெழுத்துப் போட்டிருந்தாக. மொத எடத்த எனக்குன்னு காலியா விட்டு வச்சிருந்தா.

“நான் போட மாட்டேன்”னேன். “இத்தன வருஷ சர்வீஸுல நான் ஒரு மனு போட்டது கெடையாது.”

அவ தாள மடிச்சுக்கிட்டே சொன்னா, “அதனாலதான் சிஸ்டர் ஒம்பது பேரு இருக்க வேண்டிய எடத்துல நீங்க தனியா நிக்கறீங்க.”

மரியாதையாத்தான் சொன்னா. குரல் ஒசரல. வயசு என்ன, பேச்சு என்ன. நான் ஊசி போட ஆரம்பிச்சப்ப இவ பொறக்கவே இல்ல.

மனு போச்சு. டிசம்பர் கடைசியில விசாரிக்க ஒரு அதிகாரி வந்தாரு. நல்ல வெள்ளைச் சட்டை. வார்டுக்குள்ள வரல, வாசல்ல நின்னு கைக்குட்டைய மூக்குல வச்சுக்கிட்டாரு. என் ரூமுல உக்காந்து, “இன்சார்ஜ் நீங்கதானே, உங்க வார்டுல என்ன பிரச்சினை?”ன்னு கேட்டாரு.

நான், “ஒரு குறையும் இல்ல சார்”னேன்.

பின்ன என்ன சொல்ல? வார்ட இத்தன வருஷம் ஓட்டிட்டு, கடைசி அஞ்சு மாசத்துல ஓட்டத் தெரியலன்னு நானே சொல்லவா? மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கவன்கிட்டயா சொல்ல? அவரு சந்தோசமா எழுதிக்கிட்டாரு. பிறகு, “அந்த மனு குடுத்த பொண்ணு எப்படி?”ன்னாரு. “பயந்த சுபாவம் சார். இந்த வார்டுக்கு ஆகாது”ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. நீங்க விசாரிச்சுப் பாருங்க.

ஜனவரியில அவ ஒப்பந்தத்த நீட்டிக்கல. அது அவுக முடிவு, நான் எழுதிக் குடுத்தது கெடையாது. அவ சொல்லிட்டுப் போக வந்தா. நான் மருந்து ஸ்டாக்கு சரி பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னா. “வரேன் சிஸ்டர், உடம்பப் பாத்துக்கங்க”ன்னா. எனக்கு நிமிந்து பாக்க நேரம் இல்ல. கணக்கு விட்டுப் போயிரும்ல. இப்ப ஓசூர்ல ஏதோ கம்பெனியில போன் எடுத்துப் பேசுற வேலை பாக்காளாம். நாலு வருஷம் நர்ஸிங் படிச்சிட்டு, ஏ.சி. ரிப்பேருக்கு ஆளு எப்ப வரும்னு பதில் சொல்லிக்கிட்டு இருக்கா. கேட்டா எரிச்சலா வருது.

சிரிப்பு என்ன தெரியுமா? அவ போன அடுத்த மாசம் ரெண்டு நர்ஸு போட்டு உத்தரவு வந்துட்டு. பழைய ஸ்டோர் ரூம ஒதுக்கி, வெள்ளையடிச்சு, ஒரு சோபா, ஒரு ஃபேனு, ‘செவிலியர் ஓய்வறை’ன்னு போர்டு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் சாவி என்கிட்டதான் இருந்தது. பூட்டித்தான் வச்சேன். தொறந்து விட்டா ரெண்டே நாளுல சோபா நாசமாப் போயிரும். புதுசா வந்ததுக ரெண்டும் என்னப் பாத்தா எந்திரிச்சு நிக்கும், அந்த ரூமப் பத்திக் கேக்கவே கேக்காது. நல்ல புள்ளைக.

பேச்சியம்மா என்ன ஆனாளா? அத ஏன் கேக்கீங்க, உங்க தாள்ல அதுக்குக் கட்டம் இருக்கா?

பிப்ரவரியில மாத்திரை வாங்க வந்தா, புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு. நல்லாத்தான் இருந்தா. “சங்கவி சிஸ்டர் எங்க?”ன்னு கேட்டா. “போயிட்டா”ன்னேன். “எப்ப வருவாக?” “வர மாட்டா. சீட்டக் குடு, மாத்திரை வாங்கிட்டுப் போ.” அவ சீட்டக் குடுக்கல. வெளிய பெஞ்சுல போயி உக்காந்தா. பதினோரு மணி வரைக்கும் அங்கயே இருந்தா. நான் ஒரு வேலையா போயிட்டு வந்து பாக்கேன், பெஞ்சு காலி. மாத்திரை வாங்காமப் போயிட்டா.

மார்ச்சுல வரல. போன் போட்டா எடுக்கல. வராதவுக வீட்டுக்குப் போயிப் பாக்க ஒரு வேலை உண்டு, சோசியல் ஒர்க்கர்னு. அதுக்கும் ஆளு இல்ல. டாக்டர் வராதவுக பட்டியலப் பாத்துட்டு, “சங்கவி இருந்தா போன்லயாவது புடிச்சிருப்பா”ன்னாரு. எங்கிட்டச் சொல்லல. செவத்தப் பாத்துச் சொன்னாரு.

நான் ஒரு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகாம, மாத்திரைய ஒரு பையில போட்டுக்கிட்டு பேச்சியம்மா ஊருக்குப் பஸ் ஏறுனேன். யாரும் போகச் சொல்லல. அந்தப் பேச்சு எனக்குப் புடிக்கல, அதனாலதான் போனேன்.

ஊரு கடைசியில வீடு. மாமியாக்காரி, “மறுபடியும் பேச மாட்டேங்கா அம்மா”ன்னா. பேச்சியம்மா செவத்தோரமா உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருந்தா, கை மட்டும் வேலை செய்யுது. நான் மாத்திரைய எடுத்து வச்சேன். எப்பிடிப் போடணும்னு சொன்னேன். மாமியாகிட்டயும் சொன்னேன். முடிஞ்சுது. கெளம்ப வேண்டியதுதான். ஏனோ கெளம்பல. தரையிலயே உக்காந்தேன். எனக்கு என்ன கேக்கன்னு தெரியல. உள்ளதச் சொல்லுதேன், அத்தன வருஷத்துல அது வரைக்கும் நான் ஒரு நோயாளி பக்கத்துல உக்காந்தது இல்ல. “சாப்ட்டியா”ன்னு கேட்டேன். அவ பீடி சுத்திக்கிட்டே இருந்தா. புள்ள தவழ்ந்து வந்து என் பையப் புடிச்சு இழுத்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம்.

அப்ப அவ பீடிய வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்து, “ஒங்களுக்கு என்ன செய்யுது சிஸ்டர்?”ன்னு கேட்டா.

என்ன கேள்வி பாருங்க. நோயாளி நர்ஸப் பாத்துக் கேக்குற கேள்வியா அது? எங்கிட்ட அது வரைக்கும் ஒருத்தரும் அப்படிக் கேட்டது கெடையாது.

அவ இப்ப நல்லா இருக்கா, அதுல சந்தேகம் வேண்டாம். ஏப்ரல்ல இருந்து மாசா மாசம் வந்து மாத்திரை வாங்குதா. நான் ரிட்டயர் ஆன பிறகும் இந்தப் பக்கமா ஒரு எட்டு வந்து தலையக் காட்டிட்டுத்தான் போறா.

அவ கேட்டதுக்கு நான் என்ன சொன்னேனா? நான் என்னத்தச் சொல்லப் போறேன். ஒரு மணிக்கு ஒரு பஸ் உண்டு, அத விட்டுட்டேன். மூணு மணி பஸ்ஸும் போயிட்டு. பேச்சியம்மா சோறு போட்டா, தின்னேன். மூஞ்சியக் கழுவத் தண்ணி மோந்து குடுத்தா, கழுவுனேன். சாயந்தரம் கடைசி பஸ்ல ஏத்தி விட்டது அவதான்.

இத நீங்க எழுத வேண்டாம். அந்த ‘ஆதரவு கிடைத்ததா’ கேள்விக்கு ‘இல்லை’ல டிக் அடிச்சுக்கிடுங்க.